கலை, உள் அலங்காரப் புத்தகக் கடையில் மாதக் கூட்டம்: வேலூரில் எப்படி நடத்தலாம்?

பாலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை, வீட்டு உள் அலங்காரம் பற்றிய புத்தகங்களை மட்டும் விற்கும் சின்னக் கடை ஒன்றை நடத்துகிறேன். கைடு, கதைப் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம் எதுவும் வைப்பதில்லை. கடைக்குப் பின்னால் ஒரு கூடம் இருக்கிறது. முப்பது பேர் உட்காரலாம், நடுவில் நீளமான மேசை போட்டிருக்கிறேன்.

மாதம் ஒரு மாலை அங்கே கூட்டம் நடத்த ஆசை. யாரிடம் கேட்டாலும் இரண்டே யோசனைதான் வருகிறது. ஒன்று, சென்னையிலிருந்து ஒரு பிரமுகரை அழைத்து வந்து மாலை, சால்வை, சிறப்புரை. இன்னொன்று, மாடுலர் கிச்சன் செய்து தரும் கம்பெனி எதையாவது பிடித்து அவர்கள் செலவில் நடத்துவது. இரண்டிலும் என் மனம் ஒட்டவில்லை. மேசையில் இருக்கிற புத்தகத்தை யாரும் திறக்காமலே கூட்டம் முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு. இந்த ஊரை அறிந்தவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்கலாம்?

சத்துவாச்சாரி_கட்டடம்

நல்ல முயற்சி, வாழ்த்துகள். கட்டடத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு மாலைக்கு ஒரு புத்தகம், ஒரு பொருள், அந்தப் பொருளைக் கையாளுகிற ஒரு ஆள். இந்த மூன்று போதும். பேச்சாளர் மேடை வேண்டாம். அந்த நீள மேசைதான் மேடை.

உதாரணத்துக்கு வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வீடுகளில் கூடம், படுக்கையறை, பூஜையறை என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கைத்தான் மாட்டுகிறோம். கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார். உங்கள் கடையில் நல்ல வண்ண ஓவியப் புத்தகம் ஒன்றை விரித்து வையுங்கள். அதே பக்கத்தை முதலில் 6500 கெல்வின் விளக்கில் காட்டுங்கள், பிறகு 4000, பிறகு 2700. எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். அறை இருட்டாக இருக்கட்டும். படத்தில் இருக்கிற காவிச் சிவப்பு ஒவ்வொரு விளக்கிலும் வேறு வேறாகத் தெரியும். அடுத்து, 2700-லேயே, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் நிறக் குறியெண் (CRI) 80 உள்ள பல்பையும் 90-க்கு மேல் உள்ள பல்பையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். மனிதத் தோலும் தேக்கு மரமும் எதில் உயிரோடு இருக்கின்றன என்பதை வந்தவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த எண் பல பல்புப் பெட்டிகளின் மேலேயே அச்சாகியிருக்கிறது, நாம் யாரும் பார்ப்பதில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கூடத்து விளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள். ஓவியப் புத்தகமும் வீட்டு அலங்காரமும் ஒரே மேசையில் சேருகிற இடம் இது.

இதற்கு ஆகும் செலவு நாலைந்து பல்பும் ஒரு ஹோல்டர் பலகையும்தான்.

பேரணாம்பட்டு_வாசகர்

விளக்கு யோசனை அருமை. ஆனால் ஒரு சந்தேகம். இந்தப் புத்தகங்களின் விலையைப் பார்த்தாலே கை பின்னுக்குப் போகிறது. கூட்டத்துக்கு வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனால் கடைக்காரருக்கு என்ன லாபம்?

பாலாற்றங்கரை

நேராகவே சொல்லிவிடுகிறேன். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் வெளிநாட்டில் அச்சாகி வருவதற்கு 2019 பட்ஜெட்டில் 5 சதவீதம் சுங்கவரி போட்டார்கள். கலைப் புத்தகங்களில் பெரும்பகுதி அப்படி வருபவைதான். எனக்குப் புத்தகம் அனுப்புகிறவர்கள் தருகிற கழிவு குறைவு. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். எடுத்தது எடுத்ததுதான்.

அதனால்தான் கூட்டம் தேவைப்படுகிறது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தகத்தை நாலாயிரம் ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்கள்? முக்கியமான தலைப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை உறை பிரித்துப் பார்வைக்கென்றே வைத்துவிட முடிவு செய்திருக்கிறேன். அது விற்பனைக்கு அல்ல. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து புரட்டலாம். கையுறை எல்லாம் தேவையில்லை, கை சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும்.

வாங்காமல் போகிறவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வீடு கட்டும்போது அவருக்கு என் கடை நினைவு வரும்.

மரவேலை_குடியாத்தம்

அண்ணா, நான் மரவேலை செய்றவன். வேலை குடுக்கறவங்க இப்பல்லாம் போன்ல ஒரு படத்த காட்டி இத மாதிரி செஞ்சு குடுங்கன்றாங்க. அந்தப் படம் எந்த ஊரு, அந்த மரம் இன்னா மரம், அந்த அலமாரி எத்தன அடி ஆழம், எதுவும் தெரியாது. வெறும் முன்பக்கம்தான் தெரியும். நான் பாக்கணும்னு ஆசப்படறது உள்பக்கம். மூலையில எப்டி சேத்திருக்கான், இழுப்பறை அடியில இன்னா போட்டிருக்கான், அந்த மாதிரி வரைபடம் போட்ட புத்தகம் உங்க கடையில இருந்தா சொல்லுங்க. பாஷை தெரியலன்னாலும் படம் புரியும்.

இன்னொண்ணு. நீங்க ஞாயித்துக்கெழம வைக்காதீங்க. வீட்டுக்காரங்க லீவுல இருக்கற நாள்லதான் எங்களுக்கு அளவு எடுக்கற வேலை. ஆசாரி, கொத்தனார், பெயின்டர் எல்லாருக்கும் லீவுன்னா அது அமாவாசைதான். அமாவாசை சாயங்காலம் வைங்க, நான் நாலு பேர கூட்டினு வரேன்.

வாலாஜா_வாசகி

அமாவாசை யோசனைக்கு என் முழு ஆதரவு. உள் அலங்காரக் கூட்டம் என்றால் வடிவமைப்பாளரும் வீட்டுக்காரரும் மட்டும் உட்கார்ந்து பேசுவார்கள், வேலை செய்கிறவர் வாசலுக்கு வெளியே நிற்பார். அந்த ஏற்பாட்டை உடைக்க நாள் குறிப்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அண்ணன் சொன்னது அதனால்தான் பெரிய விஷயம்.

அடுப்பங்கரை

நேரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். ஆறரை மணிக்கு வைத்தால் எங்களைப் போன்றவர்கள் வர முடியாது, அடுப்பு வேலை இருக்கும். நாலு மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடித்தால் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அப்படியே அழைத்து வந்துவிடுவேன். அவர்களுக்கு ஒரு ஓரத்தில் காகிதமும் கிரேயானும் வைத்துவிடுங்கள். பார்வைப் பிரதியில் பிடித்த படத்தைப் பார்த்து வரையட்டும்.

தலைப்பு ஒன்றும் சொல்கிறேன், சமையல் மேடையின் உயரம். எங்கள் வீட்டில் மேஸ்திரி வழக்கமாகப் போடுகிற உயரத்தில் போட்டுவிட்டுப் போனார். யார் நின்று சமைக்கப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு நாள் முழுதும் குனிந்தே வேலை. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், நின்றபடி முழங்கையை மடக்கினால் அந்த முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். காய் நறுக்கும் இடத்துக்கு இது சரி. அடுப்பு வைக்கும் இடம் இன்னும் கொஞ்சம் தாழலாம், ஏனென்றால் பாத்திரத்துக்கு ஒரு உயரம் இருக்கிறது. கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணையும் நிற்கவைத்து முழங்கை உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சீட்டை மேஸ்திரியிடம் நீட்டினால் போதும். எந்தப் பிரமுகரும் எனக்குத் தர முடியாத பரிசு அது.

ரங்காபுரம்_வணிகம்

எல்லாம் நல்ல யோசனைகள்தான், ஆனால் கடை வாடகை யார் தருவது? ஸ்பான்சர் என்றதும் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? கிச்சன் கம்பெனிக்காரர் ஒரு பேனர் வைப்பார், வந்தவர்களுக்குச் சமோசா, டீ கொடுப்பார், நோட்டில் போன் நம்பர் எழுதி வாங்கிக்கொள்வார். அதில் யாருக்கு என்ன நஷ்டம்? புத்தகம் மட்டும் விற்று வேலூரில் கடை நடத்துவது எவ்வளவு கடினம் என்பதைப் பத்து மாதம் கழித்துப் பேசுவோம். கடை மூடிவிட்டால் கூட்டமும் இல்லை.

சத்துவாச்சாரி_கட்டடம்

வாடகைக் கவலை நியாயமானது சார், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் போன் நம்பர் எழுதி வாங்கினால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். நான் போயிருந்த ஒரு கண்காட்சியில் கையெழுத்துப் போட்ட நோட்டிலிருந்து நம்பர் போய், ஒரு மாதம் அழைப்பு மேல் அழைப்பு. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ப்ளைவுட்டைப் பற்றி உண்மை பேச வேண்டுமானால் ப்ளைவுட் விற்கிறவர் காசில் டீ குடிக்கக் கூடாது. ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள சாதாரணப் பலகையைச் சமையலறையில், அதுவும் கழுவுதொட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, கடல்நீர் தாங்கும் ரகம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடல்நீர் ரகத்துக்கு முத்திரை ஐ.எஸ். 710. பலகையின் மேலேயே அடித்திருக்கும். மைக்கா ஒட்டிய பிறகு யாரும் பார்க்க முடியாது. இதைச் சொல்கிற கூடமாக உங்கள் கடை இருந்தால், மக்கள் காசு கொடுத்தே வருவார்கள். ஆளுக்கு நூறு ரூபாய் நுழைவு, புத்தகம் வாங்கினால் அதில் கழித்துக்கொள்ளலாம். வேலை செய்கிற கைகளுக்கும் மாணவர்களுக்கும் இலவசம். விஐடி-யில் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் காட்பாடியில்தானே இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு ஆசாரி பேசிக் கேட்கிற வாய்ப்பு எங்கே கிடைக்கப்போகிறது?

மரவேலை_குடியாத்தம்

சார் சொல்றது நெசம். முத்திர பாக்காம வாங்கி, ரெண்டு மழைக்குள்ள ஓரம் உப்பிப் போயி, ஆசாரி சரியில்லன்னு பேர் எனக்கு.

தோட்டப்பாளையம்_லாட்ஜ்

நான் வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்களில் வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் ஏராளம். நோயாளியோடு கூட வந்தவர்கள் வாரக்கணக்கில் எங்கள் தெருக்களில் தங்குகிறார்கள். பகலில் பரிசோதனை, ரிப்போர்ட் என்று அலைச்சல். இடையில் பல மணி நேரம் வெறுமனே காத்திருப்பு. போக ஓர் இடம் கிடையாது. கோட்டைக்குப் போய் அகழியைப் பார்ப்பார்கள், திரும்பி வருவார்கள்.

அவர்களில் ஓவியம், பாட்டு, புத்தகம் என்று வளர்ந்தவர்கள் நிறையப் பேர். என் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு அம்மா தினமும் மொட்டை மாடியில் உட்கார்ந்து, எதிர்வீட்டு சன்னலை பென்சிலில் வரைந்துகொண்டிருந்தார். உங்கள் மாதக் கூட்டம் நடக்கிறபடி நடக்கட்டும். கூடவே பகல் நேரத்தில் அந்தக் கூடத்தைத் திறந்து வையுங்கள். பார்வைப் பிரதிகள், காகிதம், பென்சில், குடிநீர். பேச்சு வேண்டாம், மொழியும் தேவையில்லை. லாட்ஜ்களின் வரவேற்பு மேசையில் வங்காளத்திலும் இந்தியிலும் ஒரு சின்ன அறிவிப்பு ஒட்ட நான் ஏற்பாடு செய்கிறேன். காசு கேட்காதீர்கள், கொடுக்க நினைப்பவர்கள் கொடுப்பார்கள்.

பாலாற்றங்கரை

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. கண்டிப்பாகச் செய்வோம். காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை கூடம் எனக்குச் சும்மாதான் கிடக்கிறது. அறிவிப்பின் வாசகத்தைத் தனிமடலில் பேசி எழுதிவிடலாம்.

பழைய_வடாற்காடு

1989-ல் வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே இங்கே ஆசிரியர் வேலை பார்த்தவன் நான். 2019-ல் வேலூர் மூன்றாகவும் ஆகிவிட்டது. இவ்வளவு பேர் இவ்வளவு நன்றாகப் பேசியும் நம் மண்ணில் உள்ள கலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம் இருக்கிறது. விஜயநகர காலத்து வேலை. பாயும் குதிரை வீரர்களும் யாளிகளும் தாங்குகிற தூண்கள், அண்ணாந்து பார்த்தால் விதானத்தில் விரிந்த தாமரையும் அதைச் சுற்றிக் கிளிகளும். உள் அலங்காரம் என்று புத்தகம் விற்கிற ஊரில் இதைவிடப் பெரிய உள் அலங்காரம் எது? வாணியம்பாடிப் பக்கம் மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. சித்தன்னவாசலோடு வைத்துப் பேசத்தக்க சமண ஓவியங்களின் மிச்சம் அதன் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போளூர்ப் பக்கம் திருமலையில் சமணக் கோயிலும் சுவரோவியங்களும். காட்பாடியிலிருந்து வள்ளிமலை அதிகத் தூரமில்லை, அங்கேயும் சமணச் சிற்பங்கள். புரிசையில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து. அந்தக் கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜகீர்த்தியையும் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்?

ஆகவே என் கோரிக்கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்தைக் கடைக்கு வெளியே கொண்டுபோங்கள். முதலில் கடையில் விஜயநகரச் சிற்பம் பற்றிய புத்தகத்தைத் திறந்து தூணின் பாகங்களைக் கற்றுக்கொள்வோம். அடுத்த வாரம் காலையில் மண்டபத்துக்குப் போய், ஆளுக்கு ஒரு தூணின் முன் உட்கார்ந்து வரைவோம். போட்டோ வேண்டாம். வரைகிறவன்தான் குதிரையின் முன்னங்காலுக்கு அடியில் இருக்கிற சின்ன உருவத்தைப் பார்ப்பான். வழிபாடு நடக்கிற கோயில் என்பதால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

சத்துவாச்சாரி_கட்டடம்

வாத்தியார் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒரு பயம் மட்டும் உண்டு. பாரம்பரியம் என்று தொடங்கினால் கூட்டம் முழுக்க அதுவாகவே ஆகிவிடும். அறுநூறு சதுர அடியில் வீடு கட்டிவிட்டு மே மாதம் மொட்டை மாடிச் சூட்டில் தூங்க முடியாமல் தவிக்கிறவருக்கு யாளித் தூண் என்ன சொல்லும்? அவருக்கும் இந்தக் கடையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பிறந்தது இங்கிலாந்தில், வாழ்ந்து கட்டியது திருவனந்தபுரத்தில். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் சுவர் முறையை அவர் பரப்பினார். செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், உள்ளே நிற்கிற காற்று சூட்டையும் தடுக்கும். செங்கல் சூளைகள் இருக்கிற நம் பகுதிக்கு எவ்வளவு பொருத்தமான விஷயம்! ஒரு அமாவாசைக்கு இருபது செங்கல்லை மேசையிலேயே அடுக்கிக் காட்டலாம். கொத்தனார் ஒருவர் வந்தால் கலவை இல்லாமலே அந்த அடுக்கு முறை எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பழைய_வடாற்காடு

தம்பி, செங்கல்லையும் அடுக்குங்கள். ஆனால் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினார்களே, மெட்ராஸ் டெரஸ் போட்டார்களே, முற்றம் விட்டார்களே, அதெல்லாம் இந்த வெயிலுக்குத்தான். வேலூரின் பழைய தெருக்களில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய அந்த மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. சாந்து அரைத்த கைகள் சில இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவர்களை முதலில் கூப்பிடுங்கள், எனக்கு அவசரமாகத் தெரிவது அதுதான்.

சத்துவாச்சாரி_கட்டடம்

சரியான வார்த்தை ஐயா. சுண்ணாம்புக் கொத்தனாரை வைத்து ஒரு மாலை, அதே மாலையில் செங்கல் அடுக்கும். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

ஆரணித்தறி

துணியை மறந்துவிடாதீர்கள். நாங்கள் நெடுக்கே ஓடும் பாவில் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடையில் இன்னொரு நிறமும் போட்டு நெய்கிறோம், பார்க்கிற கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும். வண்ணக் கோட்பாடு பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் அந்தத் துணியை விரித்தால் விளக்கமே தேவைப்படாது. குடியாத்தத்துக் கைத்தறிப் பருத்தியில் திரைச்சீலை தைத்தால் வெயிலும் தாங்கும். ஒரு மாலை எங்களுக்கு ஒதுக்குங்கள், நூல் சாயம் போட்ட சிட்டங்களோடு வருகிறோம்.

வாலாஜா_வாசகி

கரிகிரி மண்பாண்டமும் பட்டியலில் இருக்கட்டும். அந்தப் பச்சையும் நீலமுமான மெருகை வைத்தே ஒரு கூடத்தின் நிறத்தை முடிவு செய்யலாம்.

சென்னை திருவான்மியூரில் தாரா புக்ஸ் பதிப்பகம் நடத்தும் புக் பில்டிங் என்ற இடத்துக்குப் போயிருக்கிறேன். கையால் செய்த காகிதத்தில், பட்டுத்திரை அச்சில் (ஸ்கிரீன் பிரின்டிங்), ஒவ்வொரு வண்ணமாகக் கையாலேயே அச்சிட்ட புத்தகங்கள். ஒரு தாளை முகர்ந்தால் மை வாசனை வரும். அங்கே எனக்குப் பிடித்தது, புத்தகத்தை விற்கிற பொருளாக மட்டும் வைக்காமல் அது உண்டான விதத்தையும் கண்ணில் காட்டுவது. உங்கள் கடையிலும் யாராவது ஒரு மாதம் திரை அச்சு செய்து காட்டட்டும். கல்யாணப் பத்திரிகை, பை, பேனர் என்று திரை அச்சுக்காரர்கள் நம் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுடைய திறமையை ஓவியத்துக்கு யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ரங்காபுரம்_வணிகம்

நூறு ரூபாய் நுழைவு, புத்தகத்தில் கழிவு என்ற கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முப்பது பேரில் பாதிப் பேர் கட்டினாலே டீ, பல்பு, செங்கல் செலவு நின்றுவிடும். வாடகைக்கு உதவாது, ஆனால் கூட்டம் கடையைத் தின்னாது. பேனர் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். அதற்குப் பதில் ஒரு வழி. வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் ஆண்டுச் சந்தா கட்டிப் பார்வைப் பிரதிகளை வந்து படித்துக் குறிப்பெடுக்கட்டும். கட்டி முடிக்க எப்படியும் ஒரு வருடம் ஆகும். முதல் சந்தா என்னுடையது, என் தம்பி அரியூரில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தவற்றை எழுதிவிடுகிறேன். கூட்டம் அமாவாசை நாளில், மாலை நாலிலிருந்து ஆறு வரை. சால்வை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் நாற்காலி எதுவும் கிடையாது. கம்பெனி பேனர் கிடையாது, போன் நம்பர் நோட்டு கிடையாது. நுழைவும் சந்தாவும் மேலே பேசியபடியே.

முதல் மாலை சமையலறை. அடுப்பங்கரை அக்கா முழங்கை அளவு எடுப்பதைப் பார்த்துக்கொள்கிறார். குடியாத்தத்துத் தம்பி பலகைகளோடு வருகிறார். மேசையில் சமையலறை வடிவமைப்புப் புத்தகங்களோடு, மரச் சேர்மானங்களை உள்பக்கம் வெட்டிக் காட்டும் வரைபடப் புத்தகம் ஒன்றையும் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். கைபேசியை ஒரு தாங்கியில் கவிழ்த்து மாட்டி டிவியோடு இணைத்தால் பின்வரிசைக்கும் பக்கம் தெரியும். இரண்டாவது மாலை விளக்கு. சுண்ணாம்பும் செங்கல்லும் வெயில் தொடங்குவதற்கு முன்பே வைத்துவிடலாம். ஆரணி, கரிகிரி, திரை அச்சு அதற்குப் பின். மண்டபத்தில் வரைவது மார்கழியில், காலை வெயில் இதமாக இருக்கும்போது. வாத்தியார் ஐயாதான் அழைத்துப் போக வேண்டும்.

பழைய_வடாற்காடு

வருகிறேன். பென்சில் 4பி சொல்லி வையுங்கள், கல்லை வரைய ஹெச்.பி. போதாது.

மரவேலை_குடியாத்தம்

அண்ணா, 303 பலகை ஒண்ணு, 710 பலகை ஒண்ணு, ரெண்டையும் ஒரே அளவுல வெட்டி இன்னைக்கே தண்ணித் தொட்டியில போட்டுட்டேன். கூட்டத்தன்னிக்கு அப்டியே எடுத்துனு வரேன், ஓரத்த தடவிப் பாத்தா போதும், நான் ஒண்ணும் பேச வேணாம். ஊறாத துண்டும் பக்கத்துல வைக்கறேன். மேசையில தடிப்பா பாலிதீன் விரிச்சு வைங்க, ஈரம் உங்க புத்தகத்துல பட்டுடப் போவுது.